இரண்டு நிமிடத் தண்டனை

எதிரணிக் கோல்கீப்பரைக் கலங்கடிப்பதுதான் எங்கள் வேலை. உற்சாகமூட்டுவது, அரங்கைக் கலகலப்பாக வைத்திருப்பது என்றெல்லாம் நோட்டீஸில் அழகாக எழுதியிருந்தார்கள். அதெல்லாம் வாய்ப்பேச்சு. பதினொரு பேர் கொண்ட பாண்ட் நாங்கள். ஐஸ் அரங்கின் ஒரு பக்கத்துக் கோல் வலைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பலகைப் படிகளில் நின்று அந்த வலையைக் காக்கிற ஆளின் முதுகைப் பார்த்து ஊதினோம், அடித்தோம். அந்த ஆள் தடுமாறினால் சிரித்தோம். அழுதால் இன்னும் நல்லது. எனக்கு அந்த வேலை நன்றாகவே பிடித்திருந்தது.

எங்கள் அணி ஒரு பல்கலைக்கழக ஐஸ் ஹொக்கி அணி. நான் அங்கே படித்தவன் அல்ல. அங்குள்ள ஆய்வுகூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான்களும் இரசாயனங்களும் எடுத்துக்கொடுக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவன். வயது ஐம்பத்து மூன்று. மன்னாரில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாண்டில் பதினாறு வயதிலிருந்து ட்ரம்பெட் ஊதியவன். மெல்பேர்ணுக்கு வந்த பிறகு மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் ஊதினேன். அவ்வளவுதான் என் இசை வாழ்க்கை.

ஐஸ் ஹொக்கி இந்த நாட்டில் பெரிய விளையாட்டு இல்லை. பல்கலைக்கழகப் போட்டி என்றால் இருநூறு பேர் வந்தாலே அதிசயம். அமெரிக்காவிலிருந்து மேற்படிப்புக்கு வந்த ஒரு பெண்தான் எங்கள் அணிக்குப் பாண்ட் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய ஊரில் கல்லூரி ஹொக்கி என்றால் பாண்டும் சேர்ந்துதானாம். பாண்ட் இல்லாத போட்டி செத்த வீடு போல இருக்கும் என்றாள். ஆள் போதாமல் ஊழியர்களும் சேரலாம் என்று எங்கள் ஸ்டோரின் கதவில் நோட்டீஸ் ஒட்டினாள். அதைப் பார்த்த அன்றே பெயர் கொடுத்தேன்.

இசை ஆர்வத்தில் போனேன் என்று நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலில் போனேன். என் மகளை என்னிடமிருந்து பறித்த விளையாட்டு என்ன கண்றாவி என்று பார்க்கப் போனேன்.

என் மகள் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்தாள். அங்கே ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் ஐஸ் ஹொக்கி அணியில் சேர்ந்து, இரண்டாம் வருடத்திலேயே கோல்கீப்பர் ஆகிவிட்டாள். அதற்கு முன் அவள் எங்கள் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசித்தவள். அவள் கீபோர்ட், நான் ட்ரம்பெட். சனங்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பேசுவதில் எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. பொய் சொல்வானேன்.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு பூசைக்கு அவள் வரவில்லை. ஏதோ போட்டி என்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். கீபோர்ட் வாசிக்க ஆள் இல்லை. பாடகர் குழு முழுவதும் என்னைப் பார்த்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன், அதுவும் கோயிலுக்குள் நின்று. பூசை முடிவதற்குள் யாரோ ஓர் அன்ரி தன் போனை நீட்டி, "உங்கட மகள் மெடலோட நிக்கிறா, காய்ச்சல் சுகமோ?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் அவள் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

"அப்பா, நான் உங்கட பாண்ட் இல்லை."

"அப்ப இனி இந்தப் படியில கால் வைக்காதை," என்றேன்.

அவள் இரண்டு பைகளுடன் போய்விட்டாள். அரங்குக்குப் பக்கத்தில் சிநேகிதிகளுடன் ஒரு வீடு எடுத்திருந்தாள். நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. மனைவிதான் எங்கள் வீடு இருக்கிற கிரான்பர்னிலிருந்து ரயில் ஏறி, சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை. பதினொரு மாதம் இப்படிப் போனது.

இந்த நேரத்தில்தான் பாண்டில் சேர்ந்தேன்.

நோட்டீஸ் ஒட்டிய அந்த அமெரிக்கப் பெண்தான் பாண்ட் தலைவி. அவளுக்கும் எனக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது. அவளுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தலையில் தொப்பி, கையில் ட்ரொம்போன், வாயில் ஓயாத கட்டளை. அவள் சொன்ன முதல் விதி இதுதான்: நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்றால் நாம் தொடங்க வேண்டும். பக் என்கிற அந்த ரப்பர் வட்டை நடுவர் ஐஸில் போட்டு ஆட்டம் தொடங்கினால், அந்தக் கணமே நாம் நிறுத்த வேண்டும். பாட்டின் நடுவில் இருந்தாலும் சரி, ஒரு சுரம் மிச்சம் இருந்தாலும் சரி. அவள் முட்டியை மடக்கித் தூக்கினால் மூச்சுக்கூட வரக்கூடாது. மீறினால் நடுவர் ஒருமுறை எச்சரிப்பார். அதே போட்டியில் இரண்டாவது முறை மீறினால் எங்கள் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. அந்த இரண்டு நிமிடமும் எங்கள் ஆள் ஒருவர் குறைந்துதான் ஆட வேண்டும்.

எனக்கு இந்த நிறுத்துகிற வித்தை வரவே இல்லை. நான் பழகியது வேறு பாண்ட். பெருநாள் பவனியில் புனிதரின் சொரூபம் கோயிலை விட்டு வெளிக்கிட்டால், திரும்பிக் கோயிலுக்குள் வந்து இறங்கும்வரை பாண்ட் நிற்கக்கூடாது. உதடு வெடித்தாலும், மழை கொட்டினாலும், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்து ஊதிக்கொண்டே போக வேண்டும். நின்றால் ஊரே திட்டும். அப்படி ஊதிப் பழகிய வாயை ஒரு பெண்பிள்ளை முட்டியைத் தூக்கி அடக்கப் பார்த்தாள். முதல் இரண்டு போட்டிகளிலும் என்னால் எச்சரிக்கை வந்தது. அவள் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் சின்ன ட்ரம் அடிக்கிறவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆய்வு மாணவர். அவர்தான் குனிந்து, "அண்ணா, நீங்க ஊதுறது என்னவோ சூப்பர். ஆனா பிரேக்கே இல்லாத வண்டி மாதிரி போறீங்க," என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அவர்கள் என்னை வெளியே அனுப்பவில்லை. காரணம் என் சிரிப்பு. என் ட்ரம்பெட்டின் சிரிப்பைச் சொல்கிறேன். வால்வுகளைப் பாதி அழுத்தியபடி மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் மூன்று சின்னக் கெக்கலிப்புகள். ஒரு போட்டியில் எதிரணிக் கோல்கீப்பர் ஒரு பக்கைத் தவறவிட்டதும், அந்த அமைதியில் நான் தனியாக அதை ஊதினேன். அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்தக் கோல்கீப்பர் மட்டையைக் கோல் தூணில் அடித்தான். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு கோல் விட்டான். அதற்குப் பிறகு தலைவி என்னை முன்வரிசைக்கு இழுத்தாள். எந்த அணி வந்தாலும் கோல்கீப்பருக்கு என் சிரிப்பு ஒரு தரம் உண்டு. கூட்டம் அதற்காகவே காத்திருந்தது. அந்தக் குளிரில் மவுத்பீஸை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நானும் காத்திருந்தேன், எப்போது அவன் தவறவிடுவான் என்று.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை. என் மகள் சைக்கிள் பழகிய காலத்தில், விழுந்து அழத் தொடங்குகிற நேரம் நான் அதை ஊதுவேன். அழுகை பாதியில் நின்று சிரிப்பாகிவிடும். அதற்காகவே உண்டாக்கியது. அதை எடுத்துக்கொண்டு வந்து ஊரான் பிள்ளைகளை அழ வைத்தேன்.

பருவத்தின் கடைசிப் போட்டிக்கு முதல் நாள், குசினியில் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்கு உங்கட ஆக்களோட விளையாடுறது பிள்ளையின்ர டீம். வெண்டால்தான் அவை ஃபைனலுக்குப் போவினமாம். நீங்கள் நாளைக்குப் போக வேண்டாம்."

"ஏன் போகக்கூடாது?"

"பிள்ளை ஏற்கெனவே பயந்துபோய் நிக்கிறாள்."

"அப்ப நல்லது," என்றேன்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். இருபத்து நாலு வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் போட்டி. ஒரு போட்டிக்கு மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும். முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் எதிரணிக் கோல்கீப்பர் எங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று தலைவி முன்னமே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அதனால் என் மகள் எனக்குப் பத்து அடிக்குள் வந்து நின்றாள். முகமூடி, மெத்தைக் கவசம், பெரிய கையுறை. நடையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். மட்டையால் இடது தூணை ஒரு தட்டு, வலது தூணை ஒரு தட்டு. பிறகு குனிந்து நின்றாள். என்னை அவள் பார்த்திருக்க வேண்டும். பதினொரு பேரில் தலை நரைத்தவன் நான் ஒருவன்தான். ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் தொடங்கினோம். அன்று நான் ஊதிய மாதிரி எந்தப் பெருநாளுக்கும் ஊதியதில்லை. ஏழாவது நிமிடத்தில் எங்கள் ஆள் அடித்த பக் அவளுடைய கால்களுக்கு நடுவால் உள்ளே போனது. கூட்டம் என் பக்கம் திரும்பியது. தலைவி கையைக் காட்டினாள். நான் எழுந்து நின்று அந்தச் சிரிப்பை ஊதினேன். மேலிருந்து கீழே, கடைசியில் மூன்று கெக்கலிப்பு. என் பிள்ளையின் முதுகைப் பார்த்து ஊதினேன்.

அவள் திரும்பவில்லை. முன்னே பார்த்தபடியே மட்டையைப் பின்னால் விட்டு, வலைக்குள் கிடந்த பக்கை வெளியே இழுத்துத் தள்ளினாள். மறுபடி இரண்டு தூண்களையும் தட்டினாள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால், முறைத்திருந்தால், கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தால்கூட நான் அடங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் என்னை ஒரு சத்தமாகக்கூட மதிக்கவில்லை. அந்தக் கோபத்தில், மறுபடி ஆட்டம் தொடங்கப் பக் ஐஸில் விழுந்த பிறகும் நான் இரண்டு சுரம் கூடுதலாக ஊதிவிட்டேன். நடுவர் வந்து தலைவியிடம் எச்சரித்தார். தலைவி என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். இனி ஒருமுறை என்றால் தண்டனை.

இரண்டாம் பகுதியில் அவள் தூரத்துப் பக்கம் போனாள். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. மூன்றாம் பகுதியில் மறுபடி என் முன்னால் வந்தாள். அந்தப் பகுதியில் எங்கள் அணி அடித்ததை எல்லாம் அவள் பிடித்தாள். காலால் தடுத்தாள், மட்டையால் தட்டினாள், ஒருமுறை விழுந்து கிடந்தபடி வயிற்றால் மறித்தாள். என் பக்கத்தில் ட்ரம் அடிக்கிறவர், "யாருண்ணா இந்தப் பொண்ணு, சுவரு மாதிரி நிக்குது!" என்றார். நான் மவுத்பீஸைத் துடைத்தேன்.

மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஆட்டம் நின்றது. அவளுக்குப் பக்கத்திலேயே பக்கைப் போட நடுவர் வந்தார். நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம். தலைவி முட்டியைத் தூக்கினாள். ட்ரம் நின்றது. ட்ரொம்போன் நின்றது. எல்லாம் நின்றது. பக் விழுந்தது.

நான் நிற்கவில்லை.

மறந்துபோய் ஊதினேன் என்று சொன்னால் பொய். பவனிப் பழக்கம் என்று சொன்னாலும் பொய். தெரிந்துதான் ஊதினேன். அந்த அமைதியில் என் ட்ரம்பெட் தனியாகக் கேட்டால் அவள் பதறுவாள், பதறினால் கோல் விழும், விழுந்தால் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று ஊதினேன். அவள் தோற்க வேண்டும் என்று ஊதினேன். தண்டனை வந்தால் வரட்டும் என்று ஊதினேன். இதைவிட வெளிப்படையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஆள் அடித்த பக் அவளுடைய கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. நடுவரின் விசில் காதைக் கிழித்தது. அவர் நேராக எங்களைக் கைகாட்டினார். எங்கள் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. ஓர் ஆள் குறைந்த எங்கள் அணி தூரத்துப் பக்கத்தில் தத்தளித்தது. ஒரு நிமிடம்கூட முடியவில்லை, அவர்கள் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார்கள். அதுவே முடிவு.

மணி அடித்ததும் எதிரணி முழுவதும் என் மகள் மேல் விழுந்தது. அந்தக் குவியலிலிருந்து அவள் நழுவி எழுந்து, முகமூடியைக் கழற்றிக்கொண்டு நேரே எங்களை நோக்கிச் சறுக்கி வந்தாள். கண்ணாடித் தடுப்பில் கையுறையால் ஓங்கி அடித்தாள்.

"அப்பா!"

பாண்ட் முழுவதும் என்னைப் பார்த்தது. அந்தச் சொல்லுக்கு ட்ரம் அடிக்கிறவர் அர்த்தம் சொன்னதும் தலைவியின் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. "அது உங்கள் மகளா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். மகளுக்காக எங்களை விற்றுவிட்டீர்கள் என்றாள். பருவம் முழுவதும் எங்களுடன் நின்று கடைசியில் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் என்றாள். இனி அரங்குப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்ற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் கத்தினாள். கிளாரினெட் பையன் ஒருவன் என் கால் பக்கம் துப்பினான். ட்ரம் அடிக்கிறவர் மட்டும் என் தோளில் கை வைத்து, "பொண்ணுக்காகத்தானே அண்ணா? தப்பே இல்ல. எங்கப்பாவா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு," என்றார். அவன் துப்பியதைவிட அதுதான் சுட்டது.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் அவள் எனக்காக நின்றாள். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. தன் உயரத்துக்கு ஒரு பையைத் தோளில் போட்டிருந்தாள். பதினொரு மாதத்தில் மெலிந்துவிட்டாள்.

"முதல் கோல் போனதும் அந்தச் சிரிப்பு ஊதினனீங்கள்தானே," என்றாள். "சைக்கிளால விழேக்க ஊதுவீங்களே, அது. அப்பா, எனக்குக் கை கால் எல்லாம் ஷேக் பண்ணிக்கொண்டு இருந்தது. அதைக் கேட்டாப் பிறகுதான் ஓகே ஆனனான். திரும்பிப் பாத்திருந்தா அழுதிருப்பன், அதுதான் பாக்கேல்லை."

நான் ட்ரம்பெட் பெட்டியின் பூட்டைத் திறந்து, திரும்பவும் பூட்டினேன்.

"கடைசியில பெனல்டி. அது எனக்காகத்தானே செய்தனீங்கள்?"

உண்மையைச் சொல்ல எனக்கு அந்த இடத்தில் நேரம் இருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை. அவள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன்.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். வியர்வையும் ரப்பரும் மணத்தன. பிறகு மூக்கைத் துடைத்தபடி, "படியில கால் வைக்கலாமா?" என்று கேட்டாள். காரில் ஏறச் சொன்னேன்.

அன்று அவள் வீட்டில் சாப்பிட்டாள். மூன்று முறை அந்தப் பெனல்டிக் கதையைச் சொன்னாள். அவள் அறைக்குள் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவியபடி கேட்டாள்: "மெய்யாவே அவளுக்காகத்தான் ஊதினனீங்களோ?"

"ஓம்."

"பொய்," என்றாள் அவள். அதற்குமேல் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

கதை அதற்குப் பிறகு என் கையில் இல்லை. மகள் அதைத் தன் இருபத்தோராவது பிறந்தநாளில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னாள். சனங்கள் கைதட்டினார்கள். போனைக் காட்டிச் சிரித்த அதே அன்ரி வந்து, "தகப்பன் எண்டா இப்படி இருக்க வேணும்," என்று என் கையைப் பிடித்தார். நான் புன்னகைத்துக்கொண்டு நின்றேன். இப்போது அவள் மாதம் ஒருமுறை பூசைக்கு வந்து கீபோர்ட்டும் வாசிக்கிறாள். நான் சொல்லி வரவில்லை. எனக்கு நன்றிக்கடனாக வருகிறாள் என்று மனைவியிடம் சொன்னாளாம்.

போன வாரம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் பழக்கவில்லை.

"என்ன எழுதுறீங்கள்?"

"ஹொக்கி பாண்டைப் பற்றி."

"நான் இருக்கிறனா அதுக்குள்ள?"

"இருக்கிறாய்."

"அப்ப வாசிச்சுக் காட்டுங்கோ."

பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். முதல் பக்கங்களில் சில வரிகளைத் தாண்டிப் போனேன். போட்டி வந்ததும் தாளைப் பார்த்தபடியே, எழுதாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். தலைவி முட்டியைத் தூக்கியதும் என் பிள்ளையை நினைத்தேன், அதனால் நிறுத்தாமல் ஊதினேன் என்று வாசித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னாள். வரி தவறாமல் வாசித்தேன்.